மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தூரம்

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி, பெர்லின் உடலியல் கழகத்தின் கூட்டத்தில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். பல்லாயிரம் ஆண்டுகளாக மனித இனத்தை அரித்துவந்த காசநோய்க்குப் பரம்பரையோ கெட்ட காற்றோ காரணமல்ல, ஒரு நுண்கிருமியே காரணம் என்பதை அவர் அன்று ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தார். இறப்பவர்களில் ஏழில் ஒருவரை இந்நோய் கொண்டுபோகிறது என்று கணக்கிடப்பட்ட காலம் அது. பகைவன் யார் என்று தெரிந்துவிட்டது, இனி அவனை வெல்வது எளிது என்று உலகம் நம்பியதில் வியப்பில்லை.

அந்த நாளின் நினைவாகவே மார்ச் 24 உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கோக் உரையாற்றி 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நோயைக் குணப்படுத்தும் மருந்துகள் கைக்கு வந்தும் 70 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும், 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்ததாகவும், 12 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. நோயுற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

நோயின் காரணம் தெரியும். கண்டறியும் வழி தெரியும். மருந்தும் இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை மரணங்கள்? மருத்துவ வரலாற்றை நாம் வழக்கமாகப் படிக்கும் முறையில் இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ஒரு விஞ்ஞானி, ஓர் ஆய்வகம், ஒரு கண்டுபிடிப்பு, அதன்பின் நோய் ஒழிந்தது என்றுதான் பாடநூல்கள் கதை சொல்கின்றன. என் கருத்தில், ஆய்வகத்தில் முடிவது கண்டுபிடிப்பின் முதல் பாதி மட்டுமே. அதை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் வழியைக் கண்டறிவது இரண்டாம் பாதி. அதற்கும் ஆய்வு வேண்டும், பணம் வேண்டும், அரசின் உறுதி வேண்டும்.

இரண்டாம் பாதியின் வெற்றிகள்

மனிதகுலம் முற்றாக ஒழித்த ஒரே மனித நோய் பெரியம்மை. எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு முதல் தடுப்பூசி போட்டது 1796-ஆம் ஆண்டில். பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது 1980-ஆம் ஆண்டில். இடையில் ஓடியவை 184 ஆண்டுகள். தடுப்பூசி கையில் இருந்தும் இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கோடிக்கணக்கானோர் இந்நோய்க்குப் பலியாயினர்.

கடைசியில் நோயை வீழ்த்தியவை எவை? வெயிலில் கெட்டுப்போகாதபடி உறைய வைத்து உலர்த்திய தடுப்பு மருந்து ஒன்று. சிறிதளவு மருந்தைக் கொண்டே, அதிகப் பயிற்சி இல்லாதவரும் தடுப்பூசி போட உதவிய இருமுனை ஊசி இன்னொன்று. எல்லோருக்கும் ஊசி போட்டு முடிக்க வேண்டும் என்று காத்திராமல், நோயாளியைத் தேடிக் கண்டறிந்து அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கு உடனே ஊசி போடும் உத்தி மூன்றாவது. வீடுவீடாகச் சென்ற களப்பணியாளர்களின் உழைப்பால் இந்தியாவின் கடைசி நோயாளி 1975-ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டறியப்பட்டார்.

இன்னோர் எடுத்துக்காட்டு நமக்கு அண்மையானது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்துவந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நரம்புவழி செலுத்தும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. குளுக்கோஸுடன் சேரும்போது உப்பைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது என்ற அறிவியல் உண்மை அதற்கு முன்பே தெரிந்ததுதான். மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கலந்த கரைசலைக் கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மருத்துவர் கையிலிருந்த சிகிச்சை ஒரு தாயின் கைக்கு மாறியது, அவ்வளவே.

மருந்தில்லாக் காலம்

காசநோயின் கதையில் இந்த இரண்டாம் பாதி எப்படி எழுதப்பட்டது, எங்கே நின்றுபோனது என்பதைப் பார்ப்போம். கிருமியைக் கண்டறிந்த கோக்கே 1890-இல் அதற்கு மருந்தும் கண்டுவிட்டதாக அறிவித்தார். அவர் தந்த டியூபர்குலின் நோயைக் குணப்படுத்தவில்லை. நோயாளிகள் பெர்லினுக்குத் திரண்டு சென்று ஏமாந்து திரும்பினர். அது பின்னாளில் நோய்த்தொற்றைக் கண்டறியும் சோதனையாக மட்டுமே பயன்பட்டது.

மருந்து இல்லாத நிலையில் மருத்துவம் நம்பியவை தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றை. அவற்றைத் தருவதற்கென உருவானவையே சானடோரியங்கள். டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் அத்தகைய நிலையத்தை நடத்தியவர். அவர் 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய நிலையத்தின் பெயரைத்தான் 'தாம்பரம் சானடோரியம்' ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அந்த வழியே மின்ரயிலில் செல்லும்போதெல்லாம், அங்கே இறங்கியவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு.

எலும்புருக்கி, சயரோகம் என்றெல்லாம் நம் முன்னோர் இந்நோயைக் குறித்தனர். பெயரை உரக்கச் சொல்லவே அஞ்சிய வீடுகள் உண்டு. தமிழ்ச் சிறுகதையின் போக்கை மாற்றிய புதுமைப்பித்தன் 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42. இந்நோய்க்கான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்டுபிடிப்புக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தூரம் எத்தகையது என்பதற்குத் தமிழர்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

அலமாரியில் கிடந்த மருந்து

1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆய்வு மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு 1952-இல் வாக்ஸ்மனுக்கு மட்டும் சென்றது. உரிமைக்காக மாணவர் ஆசிரியர் மீதே வழக்குத் தொடுத்தது அறிவியல் உலகின் கசப்பான அத்தியாயம்.

இம்மருந்தைச் சோதிக்க பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வு 1948-இல் வெளியானது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்ட அந்த ஆய்வுதான் நவீன மருத்துவச் சோதனைகளுக்கு முன்மாதிரி. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வேறுபாடு பெரிதும் கரைந்துபோனது. தனியொரு மருந்தை எதிர்த்து நிற்கக் கிருமி கற்றுக்கொண்டுவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத் தந்தால் மட்டுமே கிருமியை வெல்ல முடியும் என்ற பாடம் அப்போது கிடைத்தது. இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு அதுவே அடிப்படை.

1952-இல் ஐசோநியாசிட் வந்தது. விலை குறைவு, ஆற்றல் அதிகம், ஊசி தேவையில்லை, மாத்திரையாகவே விழுங்கலாம். இதன் முன்வரலாறு நெஞ்சை உறுத்துவது. பிராக் நகரில் இரு வேதியியலாளர்கள் 1912-இலேயே இந்தச் சேர்மத்தைத் தயாரித்துப் பதிவு செய்திருந்தனர். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டுகள் அது ஆய்வேடுகளில் உறங்கியது. பின்னர் மூன்று மருந்து நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதன் ஆற்றலைக் கண்டறிந்தன. சேர்மம் பழையது என்பதால் அதற்கு எவரும் தனியுரிமை கோர இயலவில்லை. ஏழை நாடுகளுக்கு அது எட்டும் விலையில் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னை உலகுக்குச் சொன்ன செய்தி

மருந்து வந்துவிட்டது. ஆனால், இந்தியா போன்ற நாட்டில் அதை எப்படிக் கொடுப்பது? மேலை நாடுகளின் வழக்கப்படி ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு மருத்துவமனையில் படுக்கவைக்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கான படுக்கைகள் வேண்டும். நம்மிடம் இருந்தவையோ சில ஆயிரங்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்தால் குடும்பத்தில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுமே என்ற அச்சமும் இருந்தது.

இந்தக் கேள்விக்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் கைகோத்தன. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சென்னையின் ஏழை மக்களிடையே கண்டறியப்பட்ட 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான குடிசைகளிலேயே தங்கினர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டுக்குத் தரப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும், குணமடைந்தவர்களின் அளவில் இரு பிரிவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதை 1959-இல் வெளியான முடிவுகள் காட்டின. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிறகும் அந்த முடிவு மாறவில்லை. தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதும், மருந்து தொடங்கியபின் நோயாளி பிறருக்கு ஆபத்தாக இருப்பது விரைவில் குறைகிறது என்பதும் இதனால் புலனாயின.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். தொற்றுநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தொலைவில் வைக்க வேண்டும் என்ற நூற்றாண்டுப் பழக்கத்தை முறித்தது சென்னையின் குடிசைப் பகுதிகளில் திரட்டப்பட்ட சான்று. நோயாளிகள் பலர் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்பதையும் அதே மையம் கண்டறிந்தது. வாரம் இருமுறை, பணியாளரின் நேரடிப் பார்வையில் மருந்து தரும் முறையை அது 1960-களில் சோதித்தது. பின்னாளில் உலகம் முழுதும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அந்த மையம் இன்றும் இயங்குகிறது. சென்னையில் வாழும் படித்தவர்களிலேயே எத்தனை பேர் அதன் வரலாற்றை அறிந்திருக்கிறார்கள் என்பது ஐயமே.

வென்றுவிட்டோம் என்ற நினைப்பு

இத்தனை நடந்தபின் நோய் மறைந்திருக்க வேண்டும். செல்வ நாடுகளில் பெரும்பாலும் மறைந்தது. அங்கே மருந்து வருவதற்கு முன்பே, வீட்டு வசதியும் உணவும் ஊதியமும் மேம்பட்டதால் இறப்புகள் குறைந்துகொண்டிருந்தன. மருந்து வந்து மீதியை முடித்தது. தங்கள் ஊரில் நோய் ஓய்ந்ததும், உலகிலேயே ஓய்ந்துவிட்டதாக அந்நாடுகள் கருதின. 1960-களின் பிற்பகுதியில் ரிஃபாம்பிசின் பயன்பாட்டுக்கு வந்தபின், முற்றிலும் புதிய வகை மருந்து ஒன்றுக்கு உலகம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது. ஏழைகளின் நோய்க்கு மருந்து காண முதலீடு செய்ய எந்தச் சந்தையும் முன்வரவில்லை. எய்ட்ஸ் பரவலோடு காசநோய் மீண்டும் தலைதூக்கிய பின்னரே, 1993-இல் உலக சுகாதார அமைப்பு அதை உலகளாவிய நெருக்கடி என்று அறிவித்தது.

தடுப்பூசியின் கதையும் இதற்கு மாறானதன்று. பிரான்சின் கால்மெட், கெரான் ஆகிய இருவர் 13 ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பிசிஜி 1921-இல் முதன்முதலாகக் குழந்தைக்குத் தரப்பட்டது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காக்கிறது. ஆனால், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரிடம் நடத்தப்பட்ட மாபெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுப்பதாகக் காட்டவில்லை. நோயைப் பரப்புபவர்கள் பெரியவர்களே. நூறு ஆண்டுகள் கடந்தும் நம்மிடம் இருப்பது அந்த ஒரே தடுப்பூசிதான்.

இலக்கும் நிலவரமும்

ஐக்கிய நாடுகள் அவையின் இலக்கான 2030-க்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் இந்தியா அறிவித்தது. லட்சம் பேருக்கு 44 என்ற அளவுக்குப் புதிய நோயாளிகளைக் குறைப்பது தேசியத் திட்டத்தின் இலக்கு. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2015-இல் லட்சத்துக்கு 237 ஆக இருந்த அந்த எண் 2024-இல் 187 ஆகியுள்ளது. 21 விழுக்காடு குறைந்துள்ளது. இறப்பு லட்சத்துக்கு 28-லிருந்து 21 ஆகியுள்ளது.

இது சிறிய சாதனையன்று. உலக சராசரியைவிட வேகமான வீழ்ச்சி இது. கண்டறியப்படாமல் விடுபடுவோரின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்துள்ளது. ஆனால், இலக்கு எட்டப்படவில்லை. இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர்கள் இந்நோயால் இறக்கின்றனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் குணப்படுத்தக்கூடிய நோயால் இறப்பவர்கள். விழா மேடைகளில் இதைச் சொல்லத் தயங்குவது நோய்க்குத்தான் உதவும்.

எங்கே தவறுகிறோம்? 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு இரண்டு உண்மைகளைச் சொன்னது. நோயின் அறிகுறிகள் இருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் சிகிச்சையை நாடவே இல்லை. மார்பு ஊடுகதிர்ப்படம் எடுத்திராவிட்டால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் பத்தில் நால்வருக்கும் மேல் தவறவிடப்பட்டிருப்பர். அதாவது, இருமலைப் பொருட்படுத்தாதவர்களும், இருமலே இல்லாதவர்களும் நோயைச் சுமந்து நடமாடுகின்றனர். மருத்துவமனையில் அமர்ந்து நோயாளிக்காகக் காத்திருக்கும் முறை இவர்களை எட்டாது.

இரண்டு மணி நேரத்தில் கிருமியையும் மருந்தெதிர்ப்பையும் ஒருசேரக் காட்டும் மரபணுச் சோதனையை உலக சுகாதார அமைப்பு 2010-லேயே பரிந்துரைத்துவிட்டது. மின்கலத்தில் இயங்கும் ட்ரூநாட் என்ற கருவி இந்தியாவிலேயே உருவானது. ஆனாலும், கோக் காலத்து நுண்ணோக்கியில் சளியைப் பார்ப்பதையே முதற்சோதனையாகக் கொண்ட மையங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அந்த முறை நோயாளிகளில் கணிசமானோரைத் தவறவிடும் என்பது மருத்துவர் அனைவரும் அறிந்ததே.

உணவு என்னும் மருந்து

சென்னை ஆய்விலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்றை இங்கே மறுபார்வை செய்ய வேண்டும். நல்ல உணவு கிடைக்காதவர்களும் மருந்தால் குணமடைந்தனர் என்று அது காட்டியது. அன்றைய கேள்விக்கு அது சரியான விடை. சானடோரியம் இல்லாமலே ஏழைகளுக்குச் சிகிச்சை தரலாம் என்ற நம்பிக்கையை அது அளித்தது. ஆனால், காலப்போக்கில் உணவு ஒரு பொருட்டே அல்ல என்பதாக அந்த முடிவு சுருக்கிப் படிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நம் திட்டங்கள் மாத்திரையை மட்டும் எண்ணின. நோயாளியின் தட்டை எவரும் பார்க்கவில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில், சென்னை நிறுவனமும் பங்கேற்று நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. காசநோயாளிகள் 2,800 பேரின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் அதில் கவனிக்கப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றிப் பரவும் நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி அளவுக்கு வேலை செய்திருக்கின்றன என்றால் மிகையில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2022-இல் தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' சிக்கலான கருவி எதையும் கேட்கவில்லை. நோய் உறுதியான நாளிலேயே எடை, உயரம், மூச்சின் வேகம், குருதியில் உயிர்வளியின் அளவு, துணையின்றி எழுந்து நிற்க இயலுகிறதா என்பன பார்க்கப்படுகின்றன. நிலைமை மோசமாக உள்ளவர்கள் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது என்ற எளிய உண்மைதான் இதன் அடிப்படை. எல்லோரையும் வீட்டில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று கற்றுத்தந்த மண்ணே, எவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது கற்றுத்தருகிறது.

ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வரவேற்கத்தக்கதே. நோயுற்று வேலை இழந்த கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு அத்தொகை எத்தனை நாளுக்குப் போதும் என்பதையும், அது கைக்கு வருவதற்கு எத்தனை வாரங்கள் ஆகின்றன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விலையும் ஒரு தடைதான்

மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு முன்பு இரண்டு ஆண்டுகள் வரை சிகிச்சை தேவைப்பட்டது. அதில் தரப்பட்ட ஊசி மருந்துகள் பலரின் செவித்திறனைப் பறித்தன. 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பீடாகுயிலின் என்ற மாத்திரை இந்த நிலையை மாற்றியது. அதனை உள்ளடக்கிய கூட்டு மருந்துகளால் இன்று ஆறு மாதத்தில் குணம் காண இயலும். அந்த முறையை 2024-இல் இந்தியாவும் ஏற்றது.

அம்மருந்தின் மீதான தனியுரிமையை 2023-க்குப் பின்னும் நீட்டிக்க அதன் உரிமையாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தது. அதை எதிர்த்து மனு கொடுத்தவர்கள் இருவர்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவு விலை மாற்று மருந்துகளுக்கு வழி திறந்தது. ஒரு கண்டுபிடிப்பை மக்களிடம் கொண்டுசேர்ப்பதில் நோயாளிகளுக்கும் பங்குண்டு என்பதை இந்த இரு பெண்களும் நிறுவினர்.

இனி என்ன?

பெரியவர்களைக் காக்கக்கூடிய எம்72 என்ற புதிய தடுப்பூசியின் இறுதிக்கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. முந்தைய சோதனையில் ஏறத்தாழ பாதியளவு பாதுகாப்பு தெரிந்தது என்பதால் எதிர்பார்ப்பு மிகுந்துள்ளது. ஆயினும், அந்த ஊசி வரும்வரை காத்திருக்கலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. வெளிநாட்டு உதவிகள் சுருங்கிவரும் காலம் இது. 2025-இல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமை கலைக்கப்பட்டதால், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல காசநோய்த் திட்டங்கள் தடுமாறுகின்றன. நம் பணிகளை நம் நிதியிலேயே செய்யும் வலிமை இந்தியாவுக்கு உண்டு.

செய்ய வேண்டியவை புதியன அல்ல. ஐயத்துக்குரிய ஒவ்வொருவருக்கும் முதற்சோதனையே மரபணுச் சோதனையாக இருக்க வேண்டும். ஊடுகதிர்க் கருவியைச் சுமந்துகொண்டு தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் கல்குவாரிகளுக்கும் சிறைகளுக்கும் நாம் செல்ல வேண்டும். நோயாளியின் குடும்பம் முழுமைக்கும் உணவுப் பொருள்கள் நியாயவிலைக் கடை வழியே சென்றுசேர வேண்டும். அதற்கான கட்டமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே உள்ளது. 2023, 2024-ஆம் ஆண்டுகளில் பல மாநிலங்களில் ஏற்பட்டது போன்ற மருந்துத் தட்டுப்பாடு இனி ஒருமுறையும் நேரக் கூடாது. ஒரு வாரம் மருந்து தடைபட்டால் நோயாளிக்கு மட்டுமன்றி, எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமி பரவுவதால் ஊருக்கே கேடு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தவறிய இலக்கைத் தவறியது என்று ஒப்புக்கொண்டு, புதிய இலக்கை மாவட்டவாரியாக, இறப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு வகுக்க வேண்டும். எத்தனை பேருக்குச் சோதனை செய்தோம் என்பது அரசின் கணக்கு. எத்தனை பேர் இறக்காமல் காத்தோம் என்பதே மக்களின் கணக்கு.

ராபர்ட் கோக்குக்கு மருந்து தெரியாது. புதுமைப்பித்தன் மறைந்தபோது மருந்து பிறந்திருந்தது, எளிதில் எட்டவில்லை. இன்று அது ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டிய பொருள். இந்த நிலையிலும் ஓர் ஏழை காசநோயால் இறந்தால், அந்த மரணத்துக்கு அறிவியலைப் பொறுப்பாக்க முடியாது. அந்தப் பொறுப்பு அரசைச் சேரும். அதைக் கேள்வி கேட்காத நம்மையும் சேரும்.